நவமி மாலை 5.40

அக்டோபர் 7, காலை 6.10. சப்தமி.
மேல் வீடு 21 டிகிரி. கீழ் வீடு 22. மிஷின்: மேலே எட்டு, கீழே எட்டு. பதினாறும் ஓடுகிறது.

தினமும் இரண்டு வரி எழுதினால் போதும் என்று கம்பெனி சொல்கிறது. எனக்கு இரண்டு வரியில் கணக்கு எழுதி வராது. எங்களுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு யார் வருகிறார்களோ, அவர்களுக்காகக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

இது நிலவின் தென்முனைப் பள்ளம். உள்ளே வெயில் விழுந்ததே இல்லை. மேலே விளிம்பில் வெயில் அணைவதே இல்லை. விளிம்பில் மின்சாரம் எடுத்துக் கேபிளில் இறக்குகிறார்கள். பள்ளத்தின் சரிவில் மண்ணுக்கு அடியில் மேல் வீடு, அது எங்களுடையது. நாலு கிலோமீட்டர் இறங்கினால் கீழ் வீடு. அங்கே என் வீட்டுக்காரர் சிதம்பரவேலின் தங்கை பேச்சியும் அவள் வீட்டுக்காரர் முப்புடாதியும், பிறந்து இரண்டு மாதமான பெண்குழந்தையும்.

மிஷின்கள் நாணயக் கணக்குப் போடுபவை. பூமியில் இருக்கும் கம்பெனி சர்வர் கணக்கை அனுப்பும். இவை போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். விழுகிற கிரிப்டோ நாணயம் கம்பெனிக்கு. மிஷின் கக்குகிற சூடு எங்களுக்கு. வீட்டுக்கு வேறு சூடு கிடையாது. ஐந்தாம் மிஷின் தலையில் மாவு புளிக்கிறது, இரண்டாம் மிஷின் தலையில் சோறு வேகிறது.

பதினாறு மிஷின்களையும் மேய்ப்பது ஒரு சின்னப் போர்டு. சீட்டுக்கட்டு அளவுதான். மேல் வீட்டுச் சுவரில் கேபிள் பூட்டுக்குப் பக்கத்தில் சொருகியிருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். பேச்சி அதற்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். மிஷின் "வேலை செய்கிறேன்" என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னால்தான் பூட்டு மின்சாரம் விடும். நாங்கள் ஹீட்டரை மாட்டிக்கொண்டு குளிர்காய்ந்துவிடக் கூடாது என்று கம்பெனி வைத்த காவல். விளக்குக்கும் காற்றுக்கும் ரேடியோவுக்கும் போர்டுக்கும் தனியாக ஒரு மெல்லிய கம்பி வருகிறது. அதில் ஒரு டம்ளர் வெந்நீர்கூட வைக்க முடியாது.

இன்று ஆண்கள் இருவரும் டிராக்டரில் விளிம்பு தாண்டிக் கிட்டங்கிக்குச் சாமான் எடுக்கக் கிளம்பினார்கள். விளிம்பு தாண்டினால் ரேடியோ எட்டாது. போகிற வழியில் பேசியது:

சிதம்பரவேல்: "ஆவுடை, பதினஞ்சாம் தேதி வந்துருவோம். என்ன வேணும், இப்பமே சொல்லிரு."
நான்: "வெல்லம். பொரி கெடச்சா பொரி."
சிதம்பரவேல்: "நிலாவுல எவன் பொரிகடை வச்சிருக்கான்? வெல்லம் பாக்கேன்."
முப்புடாதி: "அக்கா, பேச்சி சாப்புட்டாளான்னு கேட்டுக்கிடுங்க. நான் கேட்டா எரிஞ்சு விழுதா."
பேச்சி: "எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ரோட்டப் பாத்து ஓட்டச் சொல்லுங்க மதினி."

அக்டோபர் 8, மாலை 6.30. அஷ்டமி.
மேல் வீடு 21. கீழ் வீடு 22. பதினாறும் ஓடுகிறது.

நாளை சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டு வழக்கம்: அன்று எழுதுவதில்லை, படிப்பதில்லை. புத்தகம், கணக்கு நோட்டு, டேப்லெட் எல்லாம் இன்றைக்கே அம்பாள் முன் போய்விடும். மாலையில் பூஜை முடிந்ததும் ஆயுதங்களும் ஓய்வெடுக்கும். தசமி காலையில் மறுபூஜை செய்து எடுப்போம். அதனால் நாளைக்குப் பதிவு இல்லை.

மிஷின் ஓய்வு புதிது இல்லை. வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் செய்கிறோம். மண்ணுக்கு அடியில் இருக்கிற வீடு, சூட்டைச் சீக்கிரம் விடாது. ஓர் இரவில் ஆறு டிகிரி இறங்கும், காலையில் ஏறிவிடும். ஆனாலும் இந்த வருஷம் குழந்தை இருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன்.

நான்: "பேச்சி, கீழ மட்டும் ஓட விட்டுரவா? சாமி ஒண்ணும் கோவிச்சிக்கிடாது."
பேச்சி: "எம் மிஷினுக்கு மட்டும் லீவு இல்லையா? அது யூனியன் வச்சிரும் மதினி."
நான்: "வெளையாடாத. புள்ளைக்கு?"
பேச்சி: "அது எம்மேலேயேதான் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. பதினாறு டிகிரியெல்லாம் கொடைக்கானல். சுண்டல மட்டும் வயர் வழியா அனுப்ப வழி பாருங்க."

சம்மதம் என்று எழுதிக்கொள்கிறேன்.

அக்டோபர் 10, காலை 6.20. விஜயதசமி.
மேல் வீடு 15. கீழ் வீடு 16. ஒன்றும் ஓடவில்லை.

மறுபூஜை முடித்தேன். முதலில் எதையாவது ஒரு வரி படித்துவிட்டுத்தான் வேலையைத் தொட வேண்டும். டேப்லெட்டைத் திறந்தேன். கம்பெனிச் செய்தி ஒன்று இருந்தது. நேற்றுப் பகல் 12.15க்கு வந்திருக்கிறது. அதையே படித்தேன். அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"நாணய விலை வீழ்ச்சியால் நிலவுப் பணிகள் நிறுத்தப்படுகின்றன. இன்று நள்ளிரவு முதல் புதிய இணைப்புகள் ஏற்கப்படா. தற்போது இணைப்பில் உள்ள மிஷின்கள் 20ஆம் தேதி வரை தொடர்ந்து இயங்கும். குடியிருப்போரை அழைத்துவர 18ஆம் தேதி வாகனம் வரும். அதுவரை எக்காரணம் கொண்டும் மிஷின்களை அணைக்க வேண்டாம். அணைத்தால் மீண்டும் இணைய இயலாது."

நேற்று மாலை 5.40க்கு நான் பதினாறையும் அணைத்தேன். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, முறைப்படி ஒவ்வொன்றாக அணைத்தேன். செய்தி அம்பாள் காலடியில் இருந்தது.

போர்டு வழியாக மிஷின்களை ஏற்றப் பார்த்தேன். நுழைவு மறுக்கப்பட்டது. மறுபடி. மறுக்கப்பட்டது.

அக்டோபர் 10, காலை 9.15.
மேல் வீடு 14. கீழ் வீடு 15.

கம்பெனி உதவி மேஜையைப் பிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. பேசிய பையன் பெயர் நவநீதன், கோயம்புத்தூர்க்காரன். குரலைக் கேட்டால் என் தம்பி வயது.

நவநீதன்: "ஏனுங்கம்மா, மெசேஜ் வந்துச்சுங்களா இல்லீங்களா?"
நான்: "வந்துது."
நவநீதன்: "அப்பறம் ஏம்மா ஆஃப் பண்ணுனீங்க?"
நான்: "சரஸ்வதி பூஜை. நான் அன்னைக்குப் படிக்க மாட்டேன்."

இங்கிருந்து பூமிக்குப் பேச்சு போய் வர இரண்டரை வினாடி. இதற்கு அதைவிட நேரம் ஆனது.

நவநீதன்: "எங்கூட்லயும் நேத்துப் பூஜைதானுங்கம்மா. நானும் லேப்டாப்ப சாமி கிட்டத்தான் வெச்சிருந்தேன்."

அவனால் முடிந்ததைச் செய்தான். நுழைவு கொடுக்கிற சர்வரையே கழற்றிவிட்டார்களாம். வாகனத்தை முன்னால் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறான், பதினாறுக்கு முன் வராது. பழைய கணக்கையே மிஷினுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாதா என்று கேட்டேன். கம்பெனி முத்திரை உள்ள கணக்கைத்தான் மிஷின் தொடும். பழைய கணக்கிலும் முத்திரை இருக்கும், ஆனால் அதில் நேரமும் எழுதியிருக்கும்.

நவநீதன்: "நேத்து கணக்க இன்னைக்குக் குடுத்தா மிஷின் கண்டுபுடிச்சு நின்னுக்கும்மா."
நான்: "இன்னைக்கு என்ன தேதின்னு மிஷினுக்கு யாரு தம்பி சொல்லுதா?"
நவநீதன்: "அதுக்கு உங்க போர்டுதாங்க சொல்லும்... இருங்க. அம்மா, உங்க போர்டுக்கு சொந்தமா கடிகாரம் இருக்குங்களா?"
நான்: "கெடையாது. வெளிய இருந்து கேட்டுத்தான் தெரிஞ்சிக்கிடும்."
நவநீதன்: "அப்ப அதுக்கு வெளிய இருந்து யாரும் சொல்லாம பாத்துக்கங்க. நீங்க சொல்றதுதான் தேதி."

அதற்குள் கம்பெனியோடு இருந்த அலைவரிசையையும் மூடிவிட்டார்கள். அவன் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது.

போர்டு நேரம்: அக்டோபர் 9, காலை 8.40. என் கணக்கில் தசமி இரவு.
மேல் வீடு 11. கீழ் வீடு 12. மேலே எட்டும் ஓடுகிறது. கீழே ஏழு.

ஓடுகிறது. தாயே.

போர்டின் நினைவு அட்டையில் கடைசி ஒன்பது மணி நேரக் கணக்கு அழியாமல் இருந்தது. நவமி காலை 8.40 முதல் நான் அணைத்த மாலை 5.40 வரை. வெளித் தொடர்பை எடுத்துவிட்டு, போர்டிடம் இன்று நவமி என்று சொன்னேன். நம்பியது. போர்டு சொன்னதை மிஷின்கள் நம்பின. நேற்றுப் போட்ட கணக்கையே புதுக் கணக்கு என்று எண்ணிப் போடுகின்றன. விடையை வாங்க யாரும் இல்லை. "வேலை செய்கிறேன்" என்கின்றன, பூட்டு மின்சாரம் விடுகிறது.

5.40க்குக் கணக்குத் தீரும். மிஷினின் நேரம் முன்னால்தான் ஓடும், பின்னால் திருப்ப வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அணைத்து ஏற்ற வேண்டும். அணைத்தால் பூட்டு விழும். பூட்டைத் திறக்கப் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிற பச்சைப் பொத்தானைக் கையால் அழுத்த வேண்டும். ஆள் இருக்கிறதா என்று கம்பெனி பார்க்கிற பொத்தான் அது. ஆக ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு தரம் நான் இங்கே நிற்க வேண்டும்.

பதிவின் தலைப்பில் போர்டு தன் நேரத்தைத்தான் அடிக்கும். கூடவே திதியை நான் எழுதுகிறேன். பௌர்ணமியன்று ஆண்கள் வந்துவிடுவார்கள். டிராக்டர் வாசலோடு ஒட்டி நிற்கும், ஏற உடை வேண்டாம்; அதன் அறையில் சூடு உண்டு, இரண்டு வீட்டு ஆட்களும் அதில் அடங்குவோம். அதுவரை கீழ் வீட்டைப் பதினாறுக்கு ஏற்றி, அதற்குக் கீழே போகாமல் வைக்க வேண்டும்.

கீழே ஒரு மிஷின் ஏறவில்லை. குளிர்ந்து சூடாகும்போது உள்ளே ஈயப் பற்று விட்டிருக்கும். இனி ஒவ்வொரு முறையும் அணைத்து ஏற்ற வேண்டும் என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

போர்டு நேரம்: அக்டோபர் 9, காலை 9.25. என் கணக்கில் ஏகாதசி.
மேல் வீடு 17. கீழ் வீடு 16. மேலே ஏழு. கீழே நான்கு.

நினைத்தபடியே. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஏதாவது ஒன்று எழுந்திருக்க மறுக்கிறது. கீழே இருப்பவை பழசு, அவைதான் முதலில் போகின்றன. கீழே ஐந்து மிஷினாவது ஓட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் சூடு நிற்காது.

பேச்சி: "மதினி, புள்ள மூக்கு சிவந்து போச்சு. பால் குடிக்கா, நல்லாத்தான் இருக்கா. மூக்குதான் தக்காளி மாரி இருக்கு."
நான்: "மிஷின் கொண்டாரேன். நாலு."
பேச்சி: "எப்படி? நடந்தா? நீங்க டவுன்பஸ்ஸுல ஏறவே பயப்படுவீய."

வெளி உடை மேல் வீட்டில் ஒன்றுதான் மிச்சம். மற்றவை ஆண்களோடு போய்விட்டன. கைக்குழந்தை அளவுக்கு உடை எங்கேயும் கிடையாது, அதனால் அவர்கள் மேலே வர வழியில்லை. என் உடைக்கு இரண்டு காற்றுக்குப்பி. ஒரு குப்பியில் போய்த் திரும்பலாம். உடையின் சூடும் அதே குப்பியில்தான்.

மிச்சத்தைத் திரும்பி வந்து எழுதுகிறேன். ஏழில் நான்கைக் கழற்றிச் சறுக்குப் பலகையில் கட்டினேன். கேபிளைக் கையால் தடவிக்கொண்டே இறங்கினேன். தலை விளக்கு காட்டுகிற இடம் மட்டும்தான் உலகம். கந்தர் சஷ்டிக்குப் பாதயாத்திரை போனபோது சொன்ன நாமத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். இறக்கத்தில் பலகை என்னை இழுத்தது, ஏற்றத்தில் ஒன்றும் இல்லாத பலகைதான் கனத்தது.

கீழ் வீட்டு வாசலில் காற்றை அடைக்கிற பூட்டறை; அதன் கண்ணாடி வழியாகப் பேச்சி குழந்தையைக் காட்டினாள். மூக்கு சிவப்புதான். உள்ளே போய்த் தொட்டிருக்கலாம், ஆனால் உடையைக் கழற்றி மாட்டினால் கால் மணி நேரக் காற்று வீண். தொடவில்லை. மிஷின்களைப் பூட்டறையில் வைத்துவிட்டு ஏறினேன். 5.40க்குள் வந்து சேர வேண்டியிருந்தது.

வந்து சேர்ந்தேன்.

போர்டு நேரம்: அக்டோபர் 9, பகல் 1.10. என் கணக்கில் துவாதசி.
மேல் வீடு 9. கீழே சொன்னது 15. கீழ் வீடு 18. மேலே இரண்டு. கீழே ஏழு.

மேலே குறித்த வரியை விளக்க வேண்டும். பேச்சி மேலே எத்தனை டிகிரி என்று கேட்டாள். பதினைந்து என்றேன். ஒன்பது. இத்தனை வருஷத்தில் நான் கணக்கில் பொய் எழுதியதில்லை. இப்போதும் எழுதவில்லை, சொன்னேன். சொன்னதையும் எழுதிவிட்டேன்.

மிஷின்களிடம் தினமும் நவமி என்று சொல்கிறவளுக்கு இது பெரிய விஷயமா என்று தோன்றுகிறது.

நவமியன்று எழுதக் கூடாது. போர்டின் கணக்கில் நான் தினமும் நவமியன்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் எழுதாமல் இருந்ததற்கு எல்லா நாளும் அதே நாளாகிவிட்டது. அம்பாள் தண்டித்தாள் என்று எழுத மாட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. செய்தியை யாரும் எழுதலாம், எந்த நாளிலும் அனுப்பலாம். பூஜை நாளில் ஒருத்தி படிக்க மாட்டாள் என்று கம்பெனியில் ஒருவருக்குக்கூடத் தெரியாமலா போனது? நவநீதன் வீட்டில் தெரியும். அவன் லேப்டாப்பும் சாமியிடம்தான் இருந்தது.

கோபம் வந்தால் கை கொஞ்சம் சூடாகிறது.

மாவு உறைந்துவிட்டது.

போர்டு நேரம்: அக்டோபர் 9, காலை 8.50. என் கணக்கில் திரயோதசி.
மேல் வீடு 4. கீழே சொன்னது 14. கீழ் வீடு 15. மேலே இரண்டு. கீழே நான்கு.

இந்தத் தடவை கீழே ஒரேயடியாக மூன்று போய்விட்டன. கொண்டுபோன நான்கிலும் ஒன்று போய்விட்டது.

பேச்சி: "மதினி, அவ கை ரெண்டும் சில்லுனு இருக்கு. எஞ் சட்டைக்குள்ள விட்டு வச்சிருக்கேன். அழவும் மாட்டேங்கா. அழுதாலாவது திட்டலாம்."
நான்: "உலுக்கி அழ வையி. தூங்க விடாத."
பேச்சி: "நீங்க வந்துருங்களேன். எல்லாரும் ஒரே போர்வைக்குள்ள கெடப்போம்."
நான்: "வந்தா பொத்தான யாருட்டி அமுக்குவா?"
பேச்சி: "அமுக்காட்டி போவட்டும்!"
நான்: "போனா அந்த வீடு ஒரே ராத்திரியில எறங்கிரும். பெரியவுக போர்வைக்குள்ள தாங்குவோம். அவ தாங்குவாளா?"

குழந்தையை உலுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அழுகை. நான் ரேடியோவோடு காதை ஒட்டி வைத்துக் கேட்டேன்.

மேலே உள்ள இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டேன். இருக்கிற குப்பி ஒன்று. ஒன்று செய்யலாம்: மிஷினையும் என்னையும் கீழே கொண்டுபோய், அங்கேயே இருந்துவிடலாம். அல்லது மிஷினை வைத்துவிட்டுத் திரும்பலாம். இரண்டாவதைச் செய்தால் அதன்பின் இந்த வீட்டை விட்டு நான் எங்கேயும் போக முடியாது, டிராக்டர் வரும் வரை.

எழுதிப் பார்த்தால் தெளிவாக இருக்கும் என்று எழுதினேன். தெளிவாகத்தான் இருக்கிறது.

போர்டு நேரம்: அக்டோபர் 9, மாலை 5.05. அதே திரயோதசி.
மேல் வீடு 2. கீழே சொன்னது 14. கீழ் வீடு 17. மேலே ஒன்று. கீழே ஐந்து.

போய்த் திரும்பினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேச்சி நின்றாள். உள்ளே வா, வா என்று கையைக் காட்டினாள். நான் நெற்றியைக் கண்ணாடியில் வைத்தேன். தலைக்கவசத்தில் ஒட்டியிருந்த விபூதி அதில் பட்டது. அவள் அந்தப் பக்கத்திலிருந்து குழந்தையின் நெற்றியை அதே இடத்தில் வைத்தாள். அது அழுதது. நன்றாக அழுதது. அதன் பிறகு ஏற முடிந்தது.

35 நிமிஷத்தில் பொத்தான்.

போர்டு நேரம்: அக்டோபர் 9, காலை 10.30. சதுர்தசி.
மேல் வீடு பூஜ்யத்துக்குக் கீழே 7. கீழே சொன்னது 13. கீழ் வீடு 18. மேலே ஒன்றும் இல்லை. கீழே ஐந்து.

மேலே இருந்த ஒன்று எழுந்திருக்கவில்லை. கீழே ஐந்தும் எழுந்தன. இந்த விலைக்கு நல்ல சரக்குதான்.

வேட்டி, சேலை, பூஜைத் துண்டு, மாவு சாக்கு எல்லாம் என் மேல்தான். போர்டைத் தொட்டுப் பார்த்தேன். கோழிக்குஞ்சுச் சூடு. ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டு ஒரு கையால் எழுதுகிறேன். பிறகு மாற்றிக்கொள்கிறேன்.

பேச்சி: "மதினி, பதிமூணுங்கீய, பல்லு ஏன் அடிக்கி?"
நான்: "சுண்டல் மெல்லுதேன்."
பேச்சி: "பொய்யி."
நான்: "ஆமா."
பேச்சி: "மதினி. எங்க அண்ணன் வந்தா நான் என்ன சொல்லட்டும்?"
நான்: "வெல்லத்த நனைய விட்டுராதன்னு சொல்லு."

அவள் அழுதபோது குழந்தையும் சேர்ந்து அழுதது. ரேடியோவை அணைக்கவில்லை. வீடு நிறைந்த மாதிரி இருந்தது.

தூங்கக் கூடாது. பொத்தானுக்கு முன் தூங்கக் கூடாது. போர்டில் அலாரம் கிடையாது. போர்டிடம் நேரம் கேட்டால் நவமி என்கிறது.

போர்டு நேரம்: அக்டோபர் 9, மாலை 5.20. சதுர்தசி. இல்லை பௌர்ணமி
மேல் வீடு −13

எழுத்து சரியாக வரவில்லை. விரல் ஒரே இடத்தில் இரண்டு தரம் படுகிறது.

இன்று பௌர்ணமி என்றால் ஊரில் மொட்டைமாடியில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பார்கள். கும்பிடுவார்கள். நாங்கள் இருக்கிற பள்ளம் அவர்களுக்குத் தெரியாது, ஓரத்தில் இருக்கிறது. ஆனாலும் இந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள்.

வருகிறவர்களுக்கு: இந்தப் போர்டில் இன்று நவமி என்று இருக்கும். நம்பாதீர்கள். போர்டின் மேல் தப்பு இல்லை, நான் சொன்னேன். கீழ் வீட்டுக் கணக்கு சரி. அதில் பொய் இல்லை. மேல் வீட்டுக் கணக்கில் சொன்னது வேறு, எழுதியது வேறு. எழுதியதை எடுத்துக்கொள்ளவும்.

ஏதாவது செய்தி வந்தால் அன்றைக்கே படியுங்கள். எந்த நாளானாலும். அம்பாளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இருபது நிமிஷம். நின்றுகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திரு

போர்டு நேரம்: அக்டோபர் 9, காலை 8.40. பௌர்ணமி

அமுக்கிட்டேன். விரல் இல்லை முழங்கையால். கீழே அஞ்சும் எழுந்திருச்சு அஞ்சும்

இனி ஒன்பது மணி நேரம் யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். பதிவைப் போர்டே எழுதச் சொல்லி வைத்தேன். அதற்குக் கை நடுங்காது

கொஞ்சம் உட்காருகிறேன்

போர்டு நேரம்: அக்டோபர் 9, பகல் 12.00. தானியங்கிப் பதிவு.
மேல் வீடு −19. கீழ் வீடு 18. மேலே மிஷின் இல்லை. கீழே ஐந்து.
வந்த அழைப்பு, கீழ் வீடு: "மதினி? சுண்டல் மெல்லுதீயளா? ஒரு சத்தம் குடுங்க. மதினி."
பதில் இல்லை.

போர்டு நேரம்: அக்டோபர் 9, பகல் 3.15. தானியங்கிப் பதிவு.
மேல் வீடு −22. கீழ் வீடு 19. கீழே ஐந்து.
வந்த அழைப்பு, டிராக்டர்: "ஆவுடை, விளிம்பு தாண்டிட்டோம். இன்னும் மூணு மணி நேரந்தான். வெல்லம் கெடச்சிது, ரெண்டு கிலோ. நீ சொன்னா நம்ப மாட்ட, பொரியும் இருக்கு. அங்க ஒருத்தி வச்சிருந்தா, அவளும் பூஜை கும்புட்டவதான். என்ன, பதிலக் காணும்? பூஜையில இருக்கியா? சரி சரி, முடிச்சிட்டு வா. மிஷின் தலையில தண்ணிய மட்டும் வையி."
பதில் இல்லை.

போர்டு நேரம்: அக்டோபர் 9, மாலை 5.30. தானியங்கிப் பதிவு.
மேல் வீடு −24. கீழ் வீடு 19. கீழே ஐந்து.
வந்த அழைப்பு, கீழ் வீடு: "அண்ணன் வெளிச்சம் தெரியுது. சரிவுல தெரியுது, மதினி. புள்ளைக்குக் காட்டிக்கிட்டு இருக்கேன். பாத்தீயளா? எந்திரிச்சுப் பாருங்க. மதினி, ஆவுடை மதினி."
பதில் இல்லை.

போர்டு நேரம்: அக்டோபர் 9, மாலை 5.40. தானியங்கிப் பதிவு.
கணக்குத் தீர்ந்தது. மிஷின்கள் நிறுத்தப்பட்டன.
பச்சைப் பொத்தானுக்காகக் காத்திருக்கிறது.